வீடு, நகை, கடன்: பிரியும்போது எது யாருடையது?

"பாதி எனக்கு வரும்தானே?" விவாகரத்து என்று முடிவான பிறகு வழக்கறிஞரிடம் வரும் பெண்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஆண்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள், "பாதியை எழுதிக் கொடுக்கச் சொல்வார்களா?" என்ற பயமாக அது இருக்கும். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

திருமணத்தின் மூலம் கணவன் மனைவி இருவரின் சொத்தும் பொதுச் சொத்தாகி, பிரியும்போது சரிபாதியாகும் முறை இந்தியாவில் கோவா போன்ற பழைய போர்த்துகீசியப் பகுதிகளில் மட்டும் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டம் அங்கே விட்டுச்சென்ற ஏற்பாடு அது. நம் ஊரில் தாலி கட்டியதால் மட்டும் ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கு உண்டாவதில்லை. விவாகரத்து ஆனதாலும் உண்டாவதில்லை. நீதிமன்றம் கேட்பது இரண்டே கேள்விகள்: சொத்து யார் பெயரில் இருக்கிறது? யார் பணத்தில் வந்தது?

இருபது வருடம் சமைத்து, பிள்ளைகளை வளர்த்து, மாமனார் மாமியாரைக் கவனித்துக்கொண்ட ஒரு பெண்ணிடம் "உன் பணம் எங்கே போட்டாய், ரசீது காட்டு" என்று கேட்கும் இந்த ஏற்பாடு நியாயமானது அல்ல என்பது என் உறுதியான கருத்து. சட்டம் மாறவேண்டும். அது மாறும்வரை, இருக்கிற சட்டத்துக்குள் உங்களுக்கு உரியதை எப்படிக் காப்பாற்றுவது என்பதே இந்த அத்தியாயம். இதில் உள்ளவை பெரும்பாலும் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கானவை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மாறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

நகையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டைப் பற்றிய கவலையில் நகையைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். உண்மையில் சட்டம் பெண்ணின் பக்கம் மிகத் தெளிவாக நிற்பது நகை விஷயத்தில்தான். திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, அதற்குப் பிறகோ ஒரு பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்தது அவளுடைய சீதனம். தாய்வீட்டில் போட்டது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாமியார் போட்ட வளையலும், கணவர் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சங்கிலியும், கட்டிய தாலியும் அவளுடையவைதான். மாப்பிள்ளைக்கு என்று பெண்வீட்டார் போட்ட மோதிரம் மாப்பிள்ளையுடையது. இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பொருள்கள் இருந்தால், அவற்றை என்ன செய்வது என்று விவாகரத்துத் தீர்ப்பிலேயே முடிவுசெய்ய இந்துத் திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. சீதனத்துக்கு மனைவியே முழு உரிமையாளர். கணவரும் அவர் குடும்பத்தாரும் அதை வைத்திருந்தால், அவர்கள் அவளுக்காகப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே. கேட்டும் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவு. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், திருமணத்தன்று இரவே 89 சவரனையும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கிக் கணவர் தன் தாயிடம் கொடுத்துவிட்டார், அவை அவர்களுடைய பழைய கடன்களை அடைக்கப் போய்விட்டன என்று மனைவி சொன்னார். உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் நகையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது.

உரிமை இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்குகள் ஏன் தோற்கின்றன? "ஐம்பது சவரன் போட்டார்கள்" என்று மனுவில் ஒரே வரியாக எழுதிவிடுவதால். ஐம்பது சவரனை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக நிரூபிக்க முடியும். ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து இப்படி எழுதுங்கள்:

காசுமாலை ஒன்று, 5 சவரன். அம்மா போட்டது. கடை பில் அப்பாவிடம் இருக்கிறது. திருமண ஆல்பத்தில் மாலை மாற்றும் படத்தில் தெரிகிறது. கடைசியாகப் பார்த்தது: கணவர் பெயரில் உள்ள லாக்கர்.

கல் வைத்த வளையல் ஒரு ஜோடி, 3 சவரன். மாமியார் வளைகாப்புக்குப் போட்டது. பில் இல்லை. வளைகாப்பு வீடியோவில் இருக்கிறது. கணவர் கடைக்காக அடகு வைக்கப்பட்டது. அடகு ரசீதின் படம் என் போனில் இருக்கிறது.

இந்த அளவுக்கு விவரம் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரால் "அப்படி நகையே இல்லை" என்று ஒரே வார்த்தையில் மறுக்க முடியாது. நகைக்கடன் ரசீதுகள் மிக வலுவான சான்று. வங்கியோ நிதி நிறுவனமோ எடைபோட்டு, எத்தனை உருப்படி என்று எழுதி, யார் பெயரில் அடகு என்பதையும் தேதியோடு பதிந்து வைத்திருக்கும். ரசீது தொலைந்துபோயிருந்தாலும் அந்தக் கிளையின் பதிவேட்டை நீதிமன்றத்தின் மூலம் வரவழைக்கலாம். லாக்கரை யார் எந்தத் தேதியில் திறந்தார் என்ற பதிவும் வங்கியில் இருக்கும். சண்டை வந்த வாரத்தில் கணவரோ மனைவியோ தனியாகப் போய் லாக்கரைத் திறந்திருந்தால் அந்த ஒரு வரி நிறையப் பேசும்.

பழைய நகையை மாற்றிப் புதிது வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். மாற்றிய பில்லில் பழைய தங்கத்தின் எடை கழிக்கப்பட்டிருக்கும். அதையும் தேடி எடுங்கள்; இல்லையென்றால் புது நகையை "நான் என் சம்பளத்தில் வாங்கியது" என்று கணவர் சொல்ல இடம் கிடைக்கும்.

இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பேச்சுவார்த்தை நடக்கும். கட்டில், பீரோ, பாத்திரங்கள் வேனில் வந்து இறங்கும். "சீர்ப் பொருள்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். களைப்பில், முடிந்தால் போதும் என்ற மனநிலையில் பலர் போட்டுவிடுகிறார்கள். பிறகு 20 சவரன் நகை வழக்கில் அந்தத் தாள் முதல் ஆவணமாக வந்து நிற்கும். வாங்கிய பொருளை மட்டும் பெயர் சொல்லி எழுதி, "நகைகள் இன்னும் பெறப்படவில்லை" என்று உங்கள் கையால் ஒரு வரி சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

காவல் நிலையப் புகாருக்குப் போக விரும்பாதவர்களுக்கும் வழி உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் சீதனத்தைத் திருப்பித் தர உத்தரவிடலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்துத் தொடங்கலாம்.

வீடு

இங்கேதான் "யார் பெயரில்" என்ற கேள்வி கடுமையாகிறது.

கணவர் பெயரில் மட்டும் பத்திரம் இருந்து, பணமும் அவருடையது என்றால், வீடு அவருடையது. மனைவிக்கு அதில் உரிமைப் பங்கு இல்லை. குடியிருக்கும் உரிமை உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீட்டில் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தவர்களை முன்பெல்லாம் "இது உன் கணவன் வீடு இல்லை" என்று சொல்லி வெளியேற்றினார்கள். 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், தம்பதி அங்கே குடித்தனம் நடத்தியிருந்தால் அதுவும் அவள் வாழ்ந்த வீடுதான். சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வாங்காமல் அவளை வெளியே அனுப்ப முடியாது. வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் பார்க்கும். வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ கணவருக்கு உத்தரவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: இது குடியிருக்கும் உரிமை, விற்கும் உரிமை இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்தபிறகு இதைக் கோருவது மிகக் கடினம். ஆகவே வீட்டைவிட்டு வெளியேறும் முன்பே யோசியுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் யோசிக்கவேண்டாம், வெளியேறுங்கள். 181 மகளிர் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

மனைவி பெயரில் வீடு, பணம் கணவருடையது. இது நம் ஊரில் மிகச் சாதாரணம். பினாமிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்கினால் அது பினாமி ஆகாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் விலக்களிக்கிறது. அதனால் "பெயர் அவளுடையது, வீடு என்னுடையது" என்று கணவர் வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் நிரூபிக்கும் பாரம் முழுவதும் அவர் தலையில். மனைவிக்குக் கொடுக்கும் எண்ணத்தில் வாங்கவில்லை என்பதையும் அவர் காட்டவேண்டும். வெறும் வங்கிக் கணக்கு விவரம் போதாது. பத்திரம் யாரிடம் இருந்தது, வாடகையை யார் வாங்கினார், சொத்து வரி யார் கட்டினார் என்று எல்லாம் பார்க்கப்படும்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பை ஒவ்வொரு இல்லத்தரசியும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கணவர் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் சொத்துகள் சேர்ந்தன. பின்னால் எல்லாம் தன்னுடையதே என்று கணவர் வழக்குப் போட்டார். நீதிபதி, வீட்டைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்ததால்தான் இன்னொருவர் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் மறைமுகமான பங்களிப்பே, எனவே மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார். இது விவாகரத்து வழக்கில் வந்தது இல்லை; சொத்து உரிமைக்கான சிவில் வழக்கு. ஒரு நீதிபதி தனியாக அளித்த தீர்ப்பு. எல்லா வழக்கிலும் தானாகப் பாதி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் இதை எடுத்துவைக்கத் தயங்கவும் வேண்டாம். வீட்டில் இருந்தவளுக்கு எதுவும் இல்லை என்ற பழைய பேச்சு இனி அவ்வளவு எளிதாகச் செல்லாது.

கூட்டாக வாங்கிய வீட்டில் பத்திரத்தில் எத்தனை பங்கு என்று குறிப்பிடாவிட்டால் பொதுவாகச் சமபங்கு என்றே தொடங்குவார்கள். ஒருவர் அதிகம் போட்டிருந்தால் அவர் அதைக் காட்டவேண்டும்.

கணவரின் பூர்வீகச் சொத்தில் மனைவி பங்கு கேட்க முடியாது. பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, பிறப்பாலேயே உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-இலேயே மகள்களுக்கு இதைக் கொடுத்தது, நாடு முழுவதும் 2005-இல் வந்தது. எனவே தாய்க்கு இல்லாத பங்கு குழந்தைக்கு இருக்கலாம். விவாகரத்து உடன்பாட்டில் தாய் தனக்காக விட்டுக்கொடுக்கலாம். மைனர் குழந்தையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடக்கூடாது. மனைவியின் பிறந்தவீட்டுச் சொத்தில் கணவருக்கு எதுவும் இல்லை.

பிரிந்து வாழ்ந்தாலும் தீர்ப்பு வரும்வரை மனைவி மனைவிதான். அதற்குள் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவள் முதல்நிலை வாரிசு. தீர்ப்பு வந்த நாளோடு அந்த உரிமை போய்விடுகிறது. குடும்ப ஓய்வூதியமும் போகும். வயதான, நோயாளியான கணவரிடமிருந்து அவசரப்பட்டு விவாகரத்து வாங்கும் பெண்கள் இதைக் கணக்கில் வைக்கவேண்டும். ஜீவனாம்சம் மட்டுமே தேவை என்றால் விவாகரத்து இல்லாமலும் அதைக் கேட்கலாம்.

கடன் யாருடையது?

சொத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறவர்கள் கடனைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. பிரிந்த சில மாதங்களில் கழுத்தைப் பிடிப்பது கடன்தான்.

இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கடனை எடுத்துக்கொள்வோம். "மீதிக் கடனைக் கணவர் கட்டுவார்" என்று நீதிமன்ற உடன்பாட்டில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வங்கி அந்த உடன்பாட்டில் கையெழுத்துப் போடவில்லை. அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. மூன்று தவணை நின்றால் வங்கி மனைவிக்கும் நோட்டீஸ் அனுப்பும், அவருடைய சிபில் மதிப்பெண்ணும் இறங்கும், நாளைக்கு அவர் பிள்ளையின் கல்விக்கடனுக்குப் போனால் தட்டிக்கழிப்பார்கள். தீர்வு ஒன்றுதான்: வீட்டை வைத்துக்கொள்பவர் தன் ஒருவர் பெயருக்குக் கடனை மாற்றி வாங்கவேண்டும், அல்லது கடனை அடைக்கவேண்டும். மற்றவர் கடன்காரர் இல்லை என்று வங்கி எழுத்தில் கொடுத்தபிறகே பங்கை விட்டுக்கொடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் இன்றைய விலை 60 லட்சம், மீதிக் கடன் 28 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிரிக்க இருப்பது 60 இல்லை, 32 தான். வாங்கும்போது முன்பணத்துக்கு மனைவியின் நகையை விற்று 6 லட்சம் போட்டிருந்தால், அதை முதலில் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதி 26 லட்சத்தைப் பற்றிப் பேசுவதே நியாயம். நகையை விற்ற அன்றைய விலையா, இன்றைய தங்க விலையா என்பது பேரம். இன்றைய விலையைக் கேட்பதில் தவறில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுவிலும் நுண்கடன் நிறுவனங்களிலும் மனைவி பெயரில் கடன் வாங்கிக் கணவரின் ஆட்டோவுக்கோ கடைக்கோ போட்ட குடும்பங்கள் ஏராளம். வாராவாரம் வந்து நிற்பவருக்குக் கையெழுத்துப் போட்டவர் முகம் மட்டுமே தெரியும். இந்தக் கடன்களையும் பட்டியலில் சேர்த்து, பணம் எங்கே போனது என்று காட்டி, ஜீவனாம்ச மனுவிலேயே சொல்லவேண்டும். ஏலச்சீட்டில் எடுத்துவிட்டுக் கட்ட வேண்டிய பாக்கியும் கடன்தான். கணவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கூட்டு வங்கிக் கணக்கு "இருவரில் யார் வேண்டுமானாலும்" என்ற முறையில் இருந்தால் ஒருவர் தனியாக முழுப் பணத்தையும் எடுத்துவிட முடியும். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். தனியாக ஒரு கணக்கு தொடங்கிச் சம்பளத்தை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மறைக்கப்படும் சொத்து

வழக்கு வரும் என்று தெரிந்ததும் வீடு அண்ணன் பெயருக்குப் போகும், நிலம் அம்மா பெயருக்குத் தானமாகும், சம்பளம் திடீரென்று குறையும். இதற்கு மூன்று ஆயுதங்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது, ஆவணம். அசல் பத்திரம் கணவரின் பீரோவில் இருக்கிறது என்று கைபிசைந்து நிற்கவேண்டாம். பதிவான கிரயப் பத்திரம் ரகசியம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் சான்றிட்ட நகல் கேட்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணோ ஆவண எண்ணோ கொடுத்து வில்லங்கத்தைப் பார்த்தால், கடந்த மாதம் யாருக்கு எழுதினார் என்பதும் வங்கி அடமானமும் தெரிந்துவிடும். சர்வே எண் தெரியாவிட்டால் பழைய சொத்து வரி ரசீதிலோ மின் இணைப்பு ஆவணத்திலோ தொடங்கிக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் இருக்கும்போதே இவற்றை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது எத்தனையோ மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, பிரமாணப் பத்திரம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், முதலீடு அனைத்தையும் வகுத்த படிவத்தில் சத்தியப்பிரமாணமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. இதைச் சடங்காக நிரப்பிக் கொடுக்க விடாதீர்கள். எதிர்த்தரப்புப் படிவத்தை வரிவரியாகப் படித்து, விடுபட்டதை வில்லங்க நகலோடு காட்டுங்கள். பொய் சொன்னவர் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அவருடைய மற்ற கணக்குகளையும் நீதிபதி அப்படியே ஏற்கமாட்டார். பெண்களுக்கும் இதைச் சொல்கிறேன்: உங்கள் சம்பளத்தை மறைக்காதீர்கள். பிடிபட்டால் நியாயமாக வரவேண்டியதும் வராது.

மூன்றாவது, தடை உத்தரவு. கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கை 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பநல நீதிமன்றத்திலேயே போடலாம். விவாகரத்து ஆனபிறகும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சொல்லிவிட்டது. விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். ஜீவனாம்சத்தை ஏய்க்க உறவினருக்கு இனாமாக எழுதிவைத்திருந்தால், வாங்கியவர் கையில் இருக்கும் சொத்தின் மீதும் அந்த உரிமையைத் தொடர சொத்து மாற்றுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிரந்தர ஜீவனாம்சத்தைக் கணவரின் அசையாச் சொத்தின் மீது பொறுப்பாக ஏற்றிவைக்க இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு வழிசெய்கிறது. பணம் தராவிட்டால் வீடு பதில் சொல்லும் என்ற நிலை வந்தால் தவணைகள் ஒழுங்காக வரும். இதைக் கேட்டு வாங்காமல் வெறும் தொகையை மட்டும் வாங்கிவரும் தீர்ப்புகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. 24, 25-ஆம் பிரிவுகளின் கீழ் வருமானம் இல்லாத கணவரும் சம்பாதிக்கும் மனைவியிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சமரசம் எழுதும் நாள்

சொத்துப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை தீர்ப்பில் முடிவதில்லை, உடன்பாட்டில்தான் முடிகின்றன. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 13பி பிரிவில் மனு போட்டால் பொதுவாக ஆறு மாத இடைவெளி இருக்கும். தகுந்த காரணம் இருந்தால் அதை நீக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறுதித் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் ஒருவர் முதல் விசாரணை அன்றே மொத்தத்தையும் கொடுத்துவிடுவதும் தவறு, மற்றவர் எதுவும் கைக்கு வராமல் இறுதிச் சம்மதம் சொல்வதும் தவறு. ஒரு பகுதி மனுத் தாக்கலின்போது, மீதி இறுதி விசாரணை அன்று நீதிபதி முன்னிலையில் வரைவோலையாக என்று எழுதுங்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பவேண்டாம்.

வீடு கைமாறுவதாக இருந்தால் நேரம்தான் முக்கியம். கணவன் மனைவிக்குள் எழுதும் தான செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் இருவரும் அந்நியர்கள். கிரயத்துக்குரிய 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதக் கட்டணமும் கட்ட நேரும். 60 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 50,000 ரூபாயில் முடியவேண்டியது 5,40,000 ஆகிறது. பத்திரம் எழுதும் வாரத்தில் அப்போதைய கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு, இறுதி விசாரணைக்கு ஓரிரு நாள் முன்னதாகவே பதிவை முடியுங்கள். சொத்து ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் செட்டில்மெண்ட். இருவர் பெயரிலும் இருந்து ஒருவர் விலகினால் விடுதலைப் பத்திரம். எழுதியதை ரத்துசெய்யும் உரிமை தனக்கு இல்லை என்ற வாசகம் அதில் இருக்கவேண்டும்.

தீர்ப்பிலேயே எழுதினால் பதிவு வேண்டாமே என்று சிலர் நினைக்கிறார்கள். விவாகரத்து மனுவின் சொத்து விவரத்தில் அந்த வீடு இடம்பெறாமல் சமரச மனுவில் மட்டும் வந்திருந்தால் பதிவு தேவைப்படும். பட்டா மாற்றப் போகும்போதுதான் இது தெரியவரும். அதற்குள் எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட மறுக்கலாம்.

உடன்பாட்டின் வாசகம் எப்படி இருக்கவேண்டும்? "கணவர் தன் வீட்டை மனைவிக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறார்" என்று எழுதுவதில் பயனில்லை. எந்த வீடு, எந்த சர்வே எண், எத்தனை சதுர அடி, எந்த ஆவண எண்ணில் வாங்கியது, எந்தத் தேதிக்குள் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுப்பார், செலவு யாருடையது, கடன் பாக்கி எவ்வளவு, அதை யார் எந்தத் தேதிக்குள் அடைப்பார், அன்று வராவிட்டால் நீதிமன்றமே எழுதிக்கொடுக்கலாம் என்பதுவரை வரவேண்டும். நகைக்கும் அப்படியே: உருப்படி, எடை, ஒப்படைக்கும் நாள், தராவிட்டால் அன்றைய தங்க விலைப்படி பணம்.

முஸ்லிம் பெண்களுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு மஹரையும், திருமணத்துக்கு முன்னும் பின்னும் அவர்களுக்குத் தரப்பட்ட பொருள்களையும் கேட்டு வாங்கும் உரிமை தருகிறது. ஜீவனாம்சத்தைப் பொதுச் சட்டத்தின் கீழும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். சொத்து யார் பெயர், யார் பணம் என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்த வாரத்திலேயே வருங்கால வைப்புநிதி, காப்பீடு, வங்கி வைப்புத்தொகை ஆகியவற்றில் நாமினியை மாற்றுங்கள். விவாகரத்து ஆனதால் நாமினி பெயர் தானாக அழிவதில்லை. எழுதிவைத்த உயிலும் ரத்தாவதில்லை. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்த காப்பீட்டு பாலிசி மட்டும் தனி வகை. அது மனைவி மக்களுக்கான அறக்கட்டளைபோல் நிற்கும். எடுத்த கணவர் நினைத்தபடி மாற்ற முடியாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாலிசியின் முதல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக எதிர்த்தரப்பு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நகைப் பட்டியல் எழுதிய நோட்டையும் வில்லங்க நகலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.